மலைக்கு மேலே முக்கால் மணி

காஞ்சீபுரத்துக்கு அருகிலுள்ள கூரம், கூரத்தாழ்வானை உலகுக்கு அளித்த சிற்றூர். போதாயன விருத்தி என்னும் கிரந்தத்தைத் தேடி ஸ்ரீராமாநுஜர் காச்மீரத்துக்குப் புறப்பட்டபோது, ஆழ்வானும் உடன் சென்றார் என்று குருபரம்பரை கூறுகிறது. அவர்களுக்கு ரயில் இல்லை, மோட்டார் இல்லை. மாதக் கணக்கில் நடந்தே போனார்கள். இன்றோ அதே காச்மீரத்து ஸ்ரீநகரில் விமானம் ஏறினால், இமயத்தைத் தாண்டி லடாக்கைச் சேர்ந்த லே நகரில் ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் இறங்கி விடலாம்!

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே ஆகாய மார்க்கமாகச் சுமார் 255 கிலோமீட்டர், அதாவது 160 மைல்தான். தரை மார்க்கமோ 400 கிலோமீட்டருக்கு மேல். 11,500 அடி உயரமுள்ள ஸோஜி கணவாயையும், 13,400 அடிக்கு மேற்பட்ட ஃபோட்டு கணவாயையும் ஏறி இறங்க வேண்டும். கார்கிலில் ஓர் இரவு தங்கி, மறுநாள் லே சேருவதே பிரயாணிகளின் வழக்கம்.

"மணிக்கு 500 மைல் பறக்கும் விமானத்துக்கு 160 மைல் செல்ல இருபது நிமிஷம் போதாதா?" என்று நம் வீட்டுப் பள்ளிப் பிள்ளைகள் கேட்கக் கூடும். நல்ல கேள்விதான். ஆனால், விமானம் எடுத்த எடுப்பில் அந்த வேகத்தை அடைவதில்லை. சிகரங்களுக்கு மேல் ஏறுவதற்கும், பின்னர் பள்ளத்தாக்கில் பார்த்துப் பார்த்து இறங்குவதற்குமே பெரும்பகுதி நேரம் போய்விடுகிறது. லே விமான நிலையம் சுமார் 10,700 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று லேசானது; எஞ்சினின் பலமும் இறக்கைகளின் பலமும் குறைகின்றன. ஆகையால் புறப்படும் விமானம் பாரத்தைக் குறைத்துக் கொண்டே கிளம்ப வேண்டும். பிற்பகலில் மலைக்காற்று பலமாக வீசுமாதலால், பெரும்பாலும் காலை வேளையிலேயே விமானங்கள் வந்து போகின்றன.

இந்த வழியைத் திறந்தது அவசரமான ஒரு வேளை. 1948-ல் படையெடுத்து வந்தவர்களால் லே நகருக்கு ஆபத்து நேர்ந்தது. லடாக்கைச் சேர்ந்த எஞ்சினீயர் ஸோனம் நோர்பு, ஊர் ஜனங்களைத் துணைகொண்டு அங்கே ஓர் இறங்கு தளம் அமைத்தார். அவ்வாண்டு மே 24-ந் தேதி, ஏர் கமோடர் மெஹர் சிங், ஜெனரல் திம்மய்யாவை ஏற்றிக்கொண்டு டகோட்டா விமானத்தில் அங்கே இறங்கினார். அத்தகைய மலைகளைக் கடப்பதற்கென்று செய்யப்பட்ட விமானமா அது? இல்லை. பின்னர் துருப்புகள் வந்திறங்கின; லே காப்பாற்றப்பட்டது. நம் தேச சரித்திரத்தில் பொன்னெழுத்துக்களில் பொறிக்கத் தக்க நாள் அது.

குளிர்காலத்தில் ஸோஜி கணவாயைப் பனி மூடிவிட்டால், வைத்தியத்துக்குப் போகவேண்டிய நோயாளிக்கும், விடுமுறையில் வீடு திரும்பும் மாணவனுக்கும் ஆகாய மார்க்கமே கதி. ஆனால், ஸ்ரீநகரிலிருந்து வருகிறவர் ஒரு மணிக்குள் 5,000 அடிக்கு மேல் உயர்ந்து விடுகிறார்; உடம்போ அவ்வளவு விரைவில் பழகுவதில்லை. தலைவலியும் மூச்சுத் திணறலும் வராதிருக்க, முதல் இரண்டு நாள் ஓய்வாக இருங்கள் என்பது வைத்தியர்களின் யோசனை. பாதையில் மிச்சம் பிடித்த இரண்டு நாளைப் படுக்கையில் செலவழிக்க வேண்டியதுதான்!

திரும்பும் வழியில் அந்தக் கிரந்தம் கைவிட்டுப் போனபோது, ராமாநுஜர் கலங்கினாராம். இரவெல்லாம் படித்து அதை நெஞ்சில் ஏற்றிக்கொண்டிருந்த கூரத்தாழ்வான், "அடியேனிடம் இருக்கிறது" என்று தேற்றினாராம். மலை கடப்பவர்களுக்குச் சுமை குறைவாக இருப்பதே நல்லது என்பதை, லேயிலிருந்து கிளம்பும் விமானமும் அறிந்திருக்கிறது.