‘வெய்’ என்னும் சீன எழுத்து: தோற்றமும் வடிவ வேறுபாடுகளும்

சீன எழுத்தின் இன்றைய வடிவத்தைக் கொண்டே அதன் மூலப் படத்தை உய்த்துணரலாம் என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. இக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதனைச் ‘செய்’, ‘ஆகு’ என்னும் பொருள்களைத் தரும் ‘வெய்’ என்னும் எழுத்தின்வழி இங்கு ஆராயலாம்.

1. தோற்றம்

ஹான் காலத்து அறிஞர் ஷூ ஷென் கி.பி. 100இல் தொகுத்து முடித்த ‘ஷுவோவென் ஜியேஸி’ என்னும் அகராதி, இவ்வெழுத்தைக் குரங்கின் உருவம் என விளக்குகிறது. அவர் அடிப்படையாகக் கொண்டது பிற்காலச் சிறுமுத்திரை வடிவமாகும். அதில் மேலுள்ள கை புலப்படினும், கீழுள்ள விலங்கின் உருவம் சிதைந்திருந்தது.

1899இல் ஷாங் காலத்துக் குறியெலும்பு எழுத்துகள் அறிஞர் கவனத்திற்கு வந்தன. அவற்றில் இவ்வெழுத்து, துதிக்கையுடன் கூடிய யானையும் அதனைப் பற்றும் கையுமாகத் தெளிவாகக் காணப்படுகிறது. லுவோ ஷென்யூ (1866–1940) இதனை யானையை நடத்திச் செல்லும் கை எனக் கண்டார். யானையைப் பணிக்குப் பயன்படுத்தியமையே ‘செய்’ என்னும் பொருளுக்கு அடிப்படை எனவும் கருதினார். ஷாங் தலைநகர் இருந்த அன்யாங் பகுதியில் யானைப் புதைகுழிகள் கண்டறியப்பட்டுள்ளமை, யானை அந்நிலத்தார்க்கு அறிமுகமான விலங்கே என்பதை உறுதிப்படுத்துகிறது. எனினும், வடிவம் பற்றிய முடிபு உறுதியானது. பணி பற்றியது ஊகமே.

2. வடிவ வேறுபாடுகள்

பழைய எழுத்தில் யானை தலை மேலாக நிமிர்த்தி வரையப்பட்டது. பின்னர்த் தூரிகை எழுத்தில் அதன் காலும் வாலும் நான்கு புள்ளிகளாயின. வேறு பல எழுத்துகளின் அடியில் இதே நான்கு புள்ளிகள் நெருப்பைக் குறிக்கும். அதனால் அகராதிகள் இவ்வெழுத்தின் ஒரு வடிவத்தை நெருப்புப் பகுப்பில் சேர்க்கின்றன. வரலாற்று நிலையில் இதில் நெருப்பு இல்லை.

திருத்தமான செவ்வடிவத்தில் இருவகை உண்டு. கையின் உருவைக் காத்து நிற்பது 12 கோடுகள் கொண்டது. 1716இல் முடிவுற்ற காங்ஷி அகராதி இதனைத் தலைச்சொல்லாகக் கொண்டது. கை சுருங்கிய மற்றொன்று 9 கோடுகள் கொண்டது. இதுவே தைவானிலும் ஜப்பானிலும் தரவடிவமாகும். விரைவெழுத்தில் புள்ளிகளும் வளைவுகளும் மேலும் குறுகின. அதனின்று பிறந்த நாற்கோட்டு வடிவத்தையே சீனாவின் 1956ஆம் ஆண்டு எளிமையாக்கத் திட்டம் ஏற்றது. ஜப்பானிய ஹிராகானாவில் ‘வி’ என்னும் ஒலிக்குரிய பழைய எழுத்தும் இதன் விரைவெழுத்து வடிவினின்று தோன்றியதே.

3. முடிவுரை

நாற்கோட்டு வடிவை மட்டும் காண்பவர் யானையை அறிய இயலாது. சிறுமுத்திரையைக் கண்ட பேரறிஞரும் அறியவில்லை. எனவே, இடைப்பட்ட வடிவங்களை வரிசைப்படுத்திய பின்னரே ஓர் எழுத்தின் தோற்றம் பற்றிக் கூறுதல் தகும்.