‘காட்டுமிராண்டி மாதிரி பாய்!’

நாவலுக்குப் பரிசு கொடுக்கிறது தலை நரைச்ச பெரியவங்கதான்னு நினைச்சா, நீங்க அவுட்! பிரான்ஸில் சுமார் 2 ஆயிரம் ஸ்கூல் ஸ்டூடன்ட்ஸ் வருஷா வருஷம் நாவல்களைப் படிச்சு, விவாதம் பண்ணி, ஒண்ணுக்குப் பரிசு தர்றாங்க. 2018-ல் அவங்க டிக் அடிச்சது, டேவிட் டியோப் எழுதின ஒரு போர் நாவல். ‘அட் நைட் ஆல் பிளட் இஸ் பிளாக்’ என்று ஆங்கிலத்துக்கு வந்து, 2021-ல் இன்டர்நேஷனல் புக்கரையும் தட்டிச்சு.

கதை முதல் உலகப் போரில் நடக்குது. ஹீரோ அல்ஃபா, செனகல் கிராமத்துப் பையன். தன் நாட்டை ஆளுகிற பிரான்ஸுக்காகச் சண்டை போடப் போறான். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து நிஜமாவே அப்படிப் போனவங்களில் சுமார் 30 ஆயிரம் பேர் ஊர் திரும்பலை.

கறுப்பு வீரர்கள் கையில் துப்பாக்கியோட ஒரு வெட்டுக்கத்தியும் இருக்கும். அவங்களைப் பார்த்தாலே ஜெர்மன்காரன் நடுங்கணும், காட்டுமிராண்டி மாதிரி பாயணும்... இது கேப்டன் ஆர்டர். யூனிஃபார்மோட சேர்த்து ஒரு வேஷத்தையும் கொடுத்துட்டாங்க!

உயிர் நண்பன் மதெம்பா குடல் சரிஞ்சு கிடக்கிறான். ‘என்னைக் கொன்னுடு’ன்னு மூணு தடவை கெஞ்சறான். அல்ஃபாவுக்கு மனசு வரலை. நண்பன் துடிதுடிச்சுச் சாகிறான். அதுக்கப்புறம் அல்ஃபா தனியாப் போய் ஜெர்மன் வீரர்களை அதே மாதிரி வயிற்றைக் கிழிக்கிறான். ஆனா, அவங்க கண்ணு கெஞ்சினதும் உடனே கழுத்தை அறுத்துடறான். நண்பனுக்குச் செய்யாத உதவி!

ஒவ்வொரு தடவையும் வெட்டின ஒரு கையோட திரும்பறான். முதல் மூணு கைக்கு ஒரே பாராட்டு. நாலாவது கையிலிருந்து எல்லாரும் ஒதுங்கறாங்க. வெள்ளைக்காரங்க மட்டுமில்ல, சொந்த ஊர்க்காரங்களுமே ‘இவன் உயிரைத் தின்கிற சூனியக்காரன்’னு கிசுகிசுக்கிறாங்க. விசில் ஊதினா வெறி வரணும், மறுபடி ஊதினா அடங்கணும். அவனுக்கு அடங்கலை. அதுதான் குத்தம்!

எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற ஒண்ணு. அல்ஃபாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. அதிகாரிகளுக்கு அவன் வெறும் ஒரு ஜோடிக் கை. நாவல் முழுக்க நாம கேட்கிறதோ அவன் மனசுக்குள்ள பேசறதை மட்டும்தான். அவ்வளவு தெளிவா, பயமுறுத்துற அளவுக்குத் தெளிவா யோசிக்கிறான் பையன்.

புதுச்சேரி பீச்சில், காந்தி சிலைக்கு எதிரே நின்னு செல்ஃபி எடுத்திருப்பீங்களே... அந்தப் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னமும் அதே போரில், அதே பிரான்ஸுக்காகச் செத்த நம்ம பக்கத்து ஆட்களுக்காக 1938-ல் திறந்ததுதான். அவங்க கதையை இப்படி ஒரு நாவலா நான் இன்னும் படிக்கலை.

புத்தகம் சின்னதுதான், ஒரே ராத்திரியில் முடிச்சுடலாம். ஆனா, சாப்பிட்டுக்கிட்டே மட்டும் படிக்காதீங்க!