ஸ்வீடனில் 70 பேரில் ஒருவர் ஈராக்கில் பிறந்தவர்: எப்படி நடந்தது இது?

2025 நவம்பர் 18. ஈராக்கின் பாஸ்ரா மைதானம். உலகக் கோப்பை தகுதிச் சுற்றில் ஐக்கிய அரபு அமீரகத்துடன் ஈராக் 1-1 என்று சமநிலையில் இருக்கிறது. 90 நிமிடம் தாண்டி ஆட்டம் இழுத்துக்கொண்டே போக, 107-வது நிமிடத்தில் ஈராக்குக்கு ஒரு பெனால்டி. அதை கோலாக்கி நாட்டையே தெருவுக்கு வரவைத்தவர் அமீர் அல் அம்மாரி. அவர் பிறந்தது பாக்தாத்தில் இல்லை, பாஸ்ராவிலும் இல்லை. ஸ்வீடனின் யோன்ஷோப்பிங் நகரில்!

இது ஏதோ அபூர்வம் இல்லை. ஈராக் அணியில் ஸ்வீடனில் பிறந்து வளர்ந்த வீரர்கள் தொடர்ந்து இடம்பிடிக்கிறார்கள். ஸ்வீடனின் மக்கள்தொகை ஒரு கோடியைக் கொஞ்சம் தாண்டும். அதில் 1.4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஈராக்கில் பிறந்தவர்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

பாலைவன நாட்டிலிருந்து பனி நாட்டுக்கு இவ்வளவு பேர் எப்படிப் போனார்கள்? இப்போது அங்கே அவர்கள் நிலைமை என்ன?

எல்லாரும் ஒரே நேரத்தில் வந்தவர்களா?

இல்லை. 1980-88 ஈரான்-ஈராக் போரின்போது, ராணுவத்துக்கு ஆள் பிடிப்பதிலிருந்து தப்பியவர்களும் சதாம் உசேனின் அரசியல் எதிரிகளும் வந்தார்கள். 1988-ல் ஹலப்ஜா நகரில் ரசாயனத் தாக்குதல் நடந்தது. குர்து மக்கள் மீதான அந்தக் காலகட்டத்து ஒடுக்குமுறை, பல குர்து குடும்பங்களை ஐரோப்பாவுக்குத் துரத்தியது. 1991 வளைகுடாப் போரும் அதன்பின் வந்த பொருளாதாரத் தடைகளும் அடுத்த அலை.

பெரிய அலை 2003 அமெரிக்கப் படையெடுப்புக்குப் பிறகு வந்தது. 2006 பிப்ரவரியில் சமாரா நகரின் அல் அஸ்கரி மசூதி தகர்க்கப்பட்டதும், ஷியா-சன்னி மோதல் தெருத்தெருவாகப் பரவியது. அடுத்த ஆண்டு, 2007-ல் மட்டும், ஸ்வீடனில் 18,559 ஈராக்கியர்கள் தஞ்சம் கேட்டு விண்ணப்பித்தார்கள். அந்த ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தில் தஞ்சம் கேட்ட ஈராக்கியர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இவர்கள். இத்தனைக்கும் ஈராக் போருக்கு ஸ்வீடன் படையே அனுப்பவில்லை.

சரி, ஏன் ஸ்வீடன்?

மூன்று காரணங்கள். ஒன்று, அப்போது ஈராக்கியர்களின் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஏற்கப்பட்டன. இரண்டு, அனுமதி கிடைத்தால் பொதுவாக நிரந்தரமாகத் தங்கும் உரிமையே கிடைத்தது. வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற தலைவலி இல்லை. குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் முக்கியம்: சொந்தக்காரர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். 1994-ல் வந்த ஒரு சட்டம், தஞ்சம் கேட்பவர்கள் அரசு முகாமில் இல்லாமல் தாங்களே இடம் பார்த்துத் தங்கலாம் என்றது. மொழி தெரியாத நாட்டில் வந்து இறங்குபவர் எங்கே போவார்? மாமா வீட்டுக்கு, அக்கா வீட்டுக்கு. அப்படித்தான் மால்மோ நகரிலும் ஸ்டாக்ஹோமின் புறநகர்களிலும் ஈராக்கியர்கள் திரண்டார்கள்.

அமெரிக்காவையே கேள்வி கேட்ட ஊர்

இதற்கு நல்ல உதாரணம், ஸ்டாக்ஹோமுக்குத் தென்மேற்கே இருக்கும் சோடர்டேலியே. ஸ்கேனியா லாரி கம்பெனியின் தலைமையகம் உள்ள தொழில் நகரம். 1967-லேயே லெபனானிலிருந்து நாடற்ற அசிரிய கிறிஸ்தவர்கள் சிலரை ஸ்வீடன் அழைத்துவந்தது. அதன்பின் துருக்கி, சிரியாவிலிருந்தும் அவர்களின் உறவுகள் வந்து இங்கே சேர்ந்தன. தேவாலயங்கள், சாட்டிலைட் டிவி சேனல்கள் எல்லாம் உருவாயின. அவர்கள் தொடங்கிய அசிரிஸ்கா கால்பந்து கிளப் 2005-ல் ஸ்வீடனின் முதல் டிவிஷன் லீக் வரை போனது.

2003-க்குப் பின் ஈராக்கில் கிறிஸ்தவர்கள் குறிவைக்கப்பட்டபோது, அவர்களுக்கு இந்த ஊரின் பெயர் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அப்போது சுமார் 80 ஆயிரம் பேர் வாழ்ந்த நகராட்சி அது. வீடுகள் நெரிசலாயின, பள்ளிகள் திணறின. 2008 ஏப்ரலில் நகர மேயர் ஆண்டர்ஸ் லாகோ நேராக வாஷிங்டன் போனார். அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன், அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து ஏற்றதைவிட அதிக ஈராக் அகதிகளைத் தன் சிறிய ஊர் ஏற்றிருக்கிறது என்றார். போர் தொடுத்த நாடு பொறுப்பேற்க வேண்டாமா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

கதவு எப்போது மூட ஆரம்பித்தது?

பலரும் 2015 அகதிகள் நெருக்கடியைச் சொல்வார்கள். ஈராக்கியர்களுக்கு அது 2007-லேயே தொடங்கிவிட்டது. ஈராக்கில் நடப்பது சட்டப்படி ‘உள்நாட்டு ஆயுத மோதல்’ அல்ல என்று அந்தப் பிப்ரவரியில் குடியேற்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதாவது, ‘நாடு பற்றி எரிகிறது’ என்பது போதாது. தனக்கு ஆபத்து என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். 2008-ல் திருப்பி அனுப்புவதற்கான ஒப்பந்தமும் ஈராக்குடன் கையெழுத்தானது. அந்த ஆண்டு விண்ணப்பங்கள் சுமார் 6 ஆயிரமாகச் சரிந்தன.

2016-ல் தற்காலிக அனுமதியே வழக்கமானது. 2020-ல் வந்த விதிப்படி, சமூக-பொருளாதாரச் சவால்கள் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட பகுதியில் போய்த் தங்கினால் தஞ்சம் கேட்பவரின் உதவித்தொகை கட் ஆனது. மாமா வீடு இருந்தும் பிரயோஜனம் இல்லை.

டாக்டர் டிகிரி இருந்தால் போதுமா?

போதாது. ஈராக்கில் படித்த டாக்டர் ஸ்வீடனில் வேலை பார்க்க, முதலில் ஸ்வீடிஷ் மொழியை உயர்ந்த நிலையில் கற்க வேண்டும். பிறகு மருத்துவத் தேர்வு, அந்நாட்டு மருத்துவச் சட்டம் பற்றிய படிப்பு, மருத்துவமனையில் பயிற்சிக்காலம். எல்லாம் முடிந்தால்தான் லைசென்ஸ். அதுவரை குடும்பத்தை ஓட்ட, கிடைத்த வேலையைப் பார்ப்பதுதான் ஒரே வழி.

அதைத் தாண்டி வந்தவர்களும் உண்டு. பாஸ்ராவில் பிறந்த அபிர் அல் சஹ்லானி, ஸ்வீடன் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 2019 முதல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இருக்கிறார்.

‘ஈராக்கியர்’ என்றால் ஒரே சமூகமா?

அரபு ஷியாக்கள், சன்னிகள், குர்துகள், கிறிஸ்தவர்கள், மாண்டேயர்கள் எல்லாருக்கும் அங்கே ஒரே பெயர். மாண்டேயர்கள், ஓடும் நீரில் ஞானஸ்நானம் செய்யும் பழமையான ஒரு சிறுபான்மை மதத்தினர். தென்னீராக்கின் ஆற்றங்கரைகளை விட்டு வந்த அவர்களுக்கு, 2018-ல் லுண்ட் நகருக்கு அருகே டால்பியில் ஒரு கோயில் அமைந்தது.

தப்பிவந்த பகையும் சில நேரம் பின்னாலேயே வருகிறது. 2023-ல் ஈராக்கிலிருந்து வந்த ஓர் அகதி ஸ்டாக்ஹோமில் குர்ஆனை எரித்தார். பாக்தாத்தில் ஸ்வீடன் தூதரகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அவர் சோடர்டேலியேவில் சுட்டுக் கொல்லப்பட்டார். இதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத லட்சம் பேரும் அந்த நாட்களில் சந்தேகப் பார்வையைச் சுமக்க வேண்டியிருந்தது.

இப்போது என்ன பிரச்சினை?

தானாக முன்வந்து சொந்த நாடு திரும்பும் அகதிகளுக்கு, 2026 முதல் தலைக்கு 3.5 லட்சம் குரோனர் வரை தரப்படும் என்று 2024 செப்டம்பரில் ஸ்வீடன் அரசு அறிவித்தது. நம் பணத்தில் சுமார் 30 லட்சம் ரூபாய். முன்பு பெரியவர் ஒருவருக்குக் கிடைத்தது வெறும் 10 ஆயிரம் குரோனர்.

குடியுரிமை பெற்றவர்களுக்கு இந்தத் தொகை கிடையாது. ஈராக்கில் பிறந்தவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே ஸ்வீடன் குடிமக்கள் என்பதால், நேரடியாகப் பாதிக்கப்படுவது இன்னும் குடியுரிமை பெறாத சிறு பகுதிதான். ஒரே குடும்பத்தில் 2006-ல் வந்த அண்ணன் ஓட்டுப் போடும் குடிமகன். 2016-க்குப் பின் வந்த தம்பி ‘போகிறாயா?’ என்று கேட்கப்படுபவர் என்ற நிலைமை சாத்தியம். இருவரும் தப்பி வந்தது ஒரே நாட்டிலிருந்துதான். வித்தியாசம், வந்து சேர்ந்த தேதி மட்டுமே.