நாளுக்கு ஒரு கோட்டுச் சித்திரம்

புதுவையிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், தவளக்குப்பத்தில் பிரியும் பாதை அபிஷேகப்பாக்கத்திற்கு இட்டுச் செல்கிறது. வயலும் தென்னையும் சூழ்ந்த ஊர். அங்குள்ள பிள்ளையொருவர் ஓவியம் கற்க விரும்பினால் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அண்மையில், அரியாங்குப்பத்தில், பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. ஆயினும் கல்லூரியில் சேரும் முன்னும், பயின்று வெளியேறிய பின்னும் விடாது தொடர வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை. கண்ணெதிரே காண்பதை நாள்தோறும் விரைந்து வரைந்து பழகுவதே அது.

நாற்று நடும் பெண் மறுகணம் நிமிர்ந்து விடுவாள். தேநீர் ஆற்றும் கை ஓரிடத்தில் நில்லாது. பேருந்துக்குக் காத்திருப்பவர் வண்டி வந்ததும் ஏறிவிடுவார். கிடைக்கும் ஓரிரு நிமிடங்களில் அனைத்தையும் வரைய இயலாது. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று கண் உடனே முடிவு செய்தாக வேண்டும். முதுகு எங்கே வளைகிறது? உடலின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது? இவ்வாறு பார்க்கப் பழகாத கை, மரம் என்றவுடன் மனத்திலுள்ள மரத்தையே வரையும். எதிரே நிற்கும் மரத்தை வரையாது.

தஞ்சாவூரில் 1924-இல் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற கோபுலு, ஆனந்த விகடனில் ஓவியர் மாலியின் வழிகாட்டுதலில் வளர்ந்தவர். 'தில்லானா மோகனாம்பாள்' தொடர்கதையின் மாந்தர்களுக்கு உருவம் தந்தவர் அவரே. முதுமையில் பக்கவாதம் வலக்கையை முடக்கியபோது, அவர் இடக்கையால் வரையத் தொடங்கினார். 2015-இல் மறைந்த அக்கலைஞரின் வாழ்வு நமக்கு உணர்த்துவது யாது? ஓவியம் விரல்களில் மட்டும் வாழ்வதில்லை. நெடுநாள் பழக்கத்தால் அது கண்ணிலும் கருத்திலும் குடியேறி விடுகிறது. கை மாறினாலும் பார்வை மாறுவதில்லை.

அரபு எழுத்தணிக் கலையிலும் இதே நெறியைக் காண்கிறோம். ஆசிரியர் எழுதிக் காட்டிய எழுத்தை மாணவர் திரும்பத் திரும்ப எழுதிப் பழகுவதை 'மஷ்க்' என்பர். விரைந்து வரைவது வேறு, அளவு பிசகாமல் எழுதுவது வேறு. எனினும் இரண்டுக்கும் அடிப்படை நாள் தவறாத பழக்கமே.

உயிருள்ளவற்றை வரையத் தயங்கும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கும் தென்னையும் ஏரிக்கரையும் பள்ளிவாசலின் வளைவுகளும் போதிய பாடங்களே.

வேண்டுவன ஒரு சிறு நோட்டு, ஒரு பென்சில், நாளுக்கு ஐந்து நிமிடம். அழிப்பான் வேண்டாம், பிழையான கோடும் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் தேதியிட வேண்டும்.

பெற்றோரே, அந்த நோட்டைக் கிறுக்கல் என்று பழைய தாளோடு எடைக்குப் போட்டு விடாதீர்கள். ஓராண்டு கழிந்தபின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பிள்ளையிடம் காட்டுங்கள். தான் கடந்து வந்த தூரத்தை அப்பிள்ளை தன் கண்ணாலேயே அறிந்துகொள்ளும்.