கடல் கிடந்த கொல்லைகள்

வெளியூரிலிருந்து பெரம்பலூர், அரியலூர் பக்கம் குடிவருகிறவர்களிடம் எல்லோரும் முதலில் சொல்வது கங்கைகொண்ட சோழபுரத்தைப் பாருங்கள் என்பதுதான். பார்க்க வேண்டியதுதான், ராஜேந்திர சோழன் எழுப்பிய அந்த விமானத்தின் முன் நின்றால் பேச்சு வராது. ஆனால் ஓர் ஊர் நமக்குச் சொந்தமாவது, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ் ஜன்னலில் தினமும் கடந்துபோகிற காட்சிகளால். காவிரிக்கரையில் பிறந்து, பிழைப்புக்காக இங்கே வந்து தங்கிவிட்ட எனக்கு அப்படிச் சில காட்சிகள் உண்டு.

முதலாவது, வெங்காயப் பட்டறை. செட்டிகுளம், ஆலத்தூர் வட்டாரத்தில் சின்ன வெங்காயம்தான் குடும்பத்தின் வரவு செலவு. வெட்டிய வெங்காயத்தை உடனே விற்றுவிடுவதில்லை. கொல்லையிலேயே தரையில் கல்லைப் பரப்பி, அதன்மேல் குச்சிகளை அடுக்கி, அடியில் காற்று ஓட இடம் விட்டு, வெங்காயத்தை நீளவாக்கில் குவித்து மேலே கீற்று வேய்ந்துவிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் குடியிருக்கும் தாழ்ந்த குடிசை போலவே இருக்கும். விலை ஏறும் வரையோ, அடுத்த பட்டத்துக்கு விதையாகும் வரையோ காய் அதற்குள் காத்திருக்கும். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் அழுகல். விலை சரிந்தால் நஷ்டம். திருகல் நோய் வந்த வருடம் பட்டறை போடவே காய் மிஞ்சாது. ஒரு குடும்பத்தின் நம்பிக்கையும் பயமும் இப்படிச் சாலையோரத்தில் கண்ணெதிரே நிற்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தை பிறந்தால் சாலை மஞ்சளாகிவிடும். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் மிக அதிகமாக விளையும் மாவட்டம் பெரம்பலூர். அத்தனை சோளத்தையும் காயவைக்கக் களம் போதாமல், தார்ச்சாலையில் பாதியை மறித்துக் கொட்டிவிடுகிறார்கள். இருட்டிய பிறகு இருசக்கர வண்டியில் வருகிறவர்களுக்கு அது ஆபத்து என்பது விவசாயிகளுக்கும் தெரியும். ஊருக்கு ஊர் உலர்களம் கட்டிக் கொடுக்காமல் அவர்களை மட்டும் குற்றம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் வழியாகப் போகும் பஸ்களில் நிற்க இடம் இருக்காது. அங்குள்ள மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாக நடை திறப்பது அந்த இரண்டு நாட்கள்தான்.

பெரம்பலூர்க்காரர்கள் ரயில் ஏற அரியலூருக்குத்தான் போக வேண்டும். இரண்டும் முன்பு ஒரே மாவட்டமாகத்தான் இருந்தன. 1995-ல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001-ல் அரியலூர் பிரிந்து, 2002-ல் திரும்பச் சேர்ந்து, 2007-ல் மறுபடி தனி மாவட்டமானது. இந்தக் கணக்கெல்லாம் அலுவலகங்களுக்கு. பஸ்ஸில் போகிறவருக்கு அரியலூர் வந்துவிட்டது என்று சொல்பவை சுண்ணாம்புக்கல் லாரிகள். 1979-ல் அரசு சிமென்ட் ஆலை வந்தது. பின்னாலேயே தனியார் ஆலைகளும் வரிசையாக வந்தன. சாலையோரப் புளியமரங்களின் இலை மழை பெய்தால்தான் பச்சையாகிறது. வெட்டியெடுத்துவிட்ட பழைய சுரங்கங்களில் பச்சை நிறத்தில் தண்ணீர் ஆழமாகத் தேங்கிக் கிடக்கிறது.

அந்தச் சுண்ணாம்புக்கல் எங்கிருந்து வந்தது? பல கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில், இந்தக் கொல்லைகளின் மேல் கடல் கிடந்தது. சிப்பியும் நத்தையும் பவளமும் அதன் அடியில் படிந்து இறுகின. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் அப்படியே கல்லாகிப் படுத்திருக்கிறது, புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதை உலகுக்கு அறிவித்தார். காரை பக்கம் மழைநீர் அரித்த செம்மண் ஓடைகளில், சுருண்ட அம்மோனைட் ஓடுகள் இன்றும் காலில் தட்டுப்படுகின்றன. உலகப் புவியியலாளர்கள் இங்குள்ள பாறைத் தொகுதி ஒன்றை அரியலூர் என்ற பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். வானம் பார்த்த பூமி என்று நாம் உச்சுக்கொட்டுகிற ஊரின் பெயர் அது.

இதே கல்தான் சூளைக்குள் போய் நம் வீட்டுச் சுவராகிறது. சிமென்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிவது அதனால்தான். ஆனால் அந்தக் கல்லோடு புதைபடிவங்களும் சூளைக்குப் போய்விடக் கூடாது. அவற்றுக்கென்றே வாரணவாசியில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. வெடி வைக்கும் ஒவ்வொரு சுரங்கத்திலும், கல்லை லாரியில் ஏற்றுவதற்கு முன் புதைபடிவம் தெரிந்த ஒருவர் நின்று பார்த்து, எடுத்துவைக்க வேண்டியதை அங்கே அனுப்புவது கட்டாயமாக்கப்பட வேண்டும். அப்படி ஒருவரை நியமிக்க ஆகும் சம்பளம் எந்த ஆலைக்கும் பெரிய பாரமாகாது.