‘ப’ வரிசையில் நான்கு தலைநகரங்கள்

கரண்ட் போய்விட்டால் எங்கள் வீட்டில் ஊர்ப் பெயர் விளையாட்டுதான். அன்று வந்த எழுத்து ‘ப’. ஐரோப்பிய ஊராக இருக்கணும் என்று நிபந்தனை போட்டாள் என் பெண். பாரிஸ், பெர்லின் எல்லாம் எழுதிவிட்டு, “புக்காரெஸ்ட், ஹங்கேரியின் தலைநகரம்” என்று படித்தேன். “ஐயோ அம்மா! அது புடாபெஸ்ட். புக்காரெஸ்ட் ருமேனியாவில் இருக்கு” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டவள் நான். சுருக்கென்றது. மறுநாள் சமையல் முடிந்ததும் அவளுடைய அட்லஸோடு உட்கார்ந்துவிட்டேன்.

டான்யூப் நதியைப் பிடித்துக்கொண்டு போனால் குழப்பமே இல்லை, சகோதரிகளே! வியன்னாவைத் தாண்டியதும் முதலில் பிராட்டிஸ்லாவா. 1993-ல் செக்கோஸ்லோவாகியா இரண்டாகப் பிரிந்தபோது ஸ்லோவாக்கியாவின் தலைநகரானது. ஆஸ்திரியா, ஹங்கேரி இரண்டின் எல்லையையும் ஒட்டி நிற்கிறது.

அடுத்தது புடாபெஸ்ட். ஒரு கரையில் குன்றும் கோட்டையுமாக புடா. எதிர்க்கரையில் சமவெளியில் பெஸ்ட். இவற்றோடு ஓபுடாவும் சேர்ந்து 1873-ல் ஒரே நகரமானது. வெந்நீர் ஊற்றுகளுக்கும் குளியல் மண்டபங்களுக்கும் பேர் போன ஊர்.

மூன்றாவது செர்பியாவின் பெல்கிரேட். ‘வெள்ளை நகரம்’ என்று பொருள். சாவா நதி டான்யூபில் கலப்பது இங்கேதான்.

நான்காவதான புக்காரெஸ்ட் மட்டும் டான்யூப் கரையில் இல்லை. சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ‘டான்யூப் தொடாதது புக்காரெஸ்ட்’ என்று மனசில் வைத்துக்கொண்டால் போதும்.

தேடும்போது இன்னொரு விஷயமும் கிடைத்தது. 1818-ல் புடாவில் பிறந்தவர் டாக்டர் செம்மல்வைஸ். வியன்னாவில் இவர் வேலை பார்த்த பிரசவ வார்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் போல ஜன்னி கண்டு இறந்தார்கள். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்ப்பதே காரணம் என்று கண்டுபிடித்து, 1847-ல் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். சாவு நூற்றுக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. அப்படியும் பல டாக்டர்கள் அவர் பேச்சை ஏற்கவில்லை. 1865-ல் அவர் மறைந்த பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது.

என் கொள்ளுப் பாட்டி, பிள்ளை பெற்ற பத்தாம் நாள் ஜன்னி கண்டு போனவள். அவளைத் தொட்ட கைகளை யாராவது கழுவச் சொல்லியிருந்தால்? படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் இதைச் சொன்னபோது என் பெண் சிரிக்கவில்லை. “இன்னொரு தடவை சொல்லும்மா” என்றாள். அடுத்த எழுத்து ‘ல’ என்று முடிவாகியிருக்கிறது. லண்டன், லிஸ்பன் இரண்டும் கைவசம் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் விளையாடிப் பாருங்களேன்!