எலெக்ட்ரானிக் ஷாக் அப்ஸார்பர் பழுதானால்

மும்பையிலும் தில்லியிலும் வாழும் நம்மவரில் சிலர், ஏழெட்டு ஆண்டு ஓடிய ஜெர்மானியக் கார்களை மலிவாக வாங்கி மகிழ்கின்றனர். ஷாக் அப்ஸார்பரில் எண்ணெய் கசியும் வரையில்தான் அம்மகிழ்ச்சி. வண்டியில் உள்ளது எலெக்ட்ரானிக் வகை என்பதும், நான்கையும் மாற்றுவதற்குப் பல மாதச் சம்பளம் வேண்டும் என்பதும் அன்றுதான் தெரிகின்றன. அவற்றை நீக்கிச் சாதாரண வகையைப் பொருத்தலாமா என்று அன்பர்கள் கேட்கின்றனர். பொருத்தலாம், அரைகுறையாகப் பொருத்தலாகாது.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குவது ஷாக் அப்ஸார்பர். உருளைக்குள் பிஸ்டன் எண்ணெயைச் சிறு துவாரங்கள் வழியே நெருக்கித் தள்ள, துள்ளலின் வேகம் வெப்பமாக மாறிவிடுகிறது. பெரம்பூர் ஐ.சி.எப். பெட்டிகளின் சக்கரத்தருகே உள்ள டேஷ்பாட் செய்வதும் இதுவே. (ரயில்வேக்காரனுக்கு எங்கும் ரயிலே தெரியும் என வாசகர் நகைக்கலாம்.) எலெக்ட்ரானிக் வகையில், எண்ணெய் செல்லும் வழியை மின்சார வால்வு ஒன்று ஓட்டத்திலேயே அகட்டியும் குறுக்கியும் தருகிறது. 2002-இல் காடிலாக் செவில் காரில் வந்த முறை வேறு: அதில் இரும்புத் துகள் கலந்த எண்ணெயே காந்த சக்தியால் இறுகி இளகுகிறது.

மாற்றுமுன் வண்டியில் உள்ளது இரும்பு ஸ்பிரிங்கா, காற்றுப் பையா என்று அறிய வேண்டும். காற்றுப் பையாயின் ஸ்பிரிங்கும் சேர்ந்து மாறும். செலவும் தொல்லையும் மிகுதி. அதில் இறங்காதிருப்பதே நன்று என்பது நமது கருத்து. இரும்பு ஸ்பிரிங்காயின், அதே மாடலின் சாதாரண வகைக்கென அமைந்த ஷாக் அப்ஸார்பரை, வண்டியின் எடைக்குப் பொருத்தமாய், இடமும் வலமும் ஜோடியாகவே வாங்க வேண்டும். மேல்மூடி ரப்பரையும் அப்போதே புதுப்பித்துவிடலாம். அமுக்கப்பட்ட ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே கொல்லும். அதற்குரிய கருவியில்லாத பட்டறையில் வண்டியை விடவேண்டா.

வால்வைக் காணாத கம்ப்யூட்டர் உடனே எச்சரிக்கை விளக்கை ஏற்றும். ஒரு பட்டறையில் அவ்விளக்கின்மேல் கறுப்புத் தாளை ஒட்டி அனுப்பியதை நாம் கண்டோம்! அவ்விடத்திலேயே வேறு பழுதுகளும் அறிவிக்கப்படலாம் அன்றோ? கம்ப்யூட்டரில் அமைப்பை முறையாக மாற்றி எழுதச் சொல்லவேண்டும். அன்றேல் வால்வுக்கு ஈடான மின்தடைக் கருவியை இணைக்கவேண்டும். சக்கரத்தருகே உள்ள உயரம் காட்டும் சென்ஸாரை மட்டும் கழற்றலாகாது. சில கார்களில் ஹெட்லைட்டின் ஒளியைத் தாழ்த்துவதும் அதன் பொறுப்பே. அஃது இல்லையேல் எதிரே வருபவர் கண் கூசும்.

கோடை விடுமுறையில் ஐந்து பேரும் மூட்டைகளுமாய்ப் புனே, பெங்களூர் வழியே ஊருக்குப் புறப்படுவோர் இவ்வேலையைக் கடைசி வாரத்துக்கு ஒத்திவையாமல் முன்னரே முடிக்கவேண்டும். தேய்ந்த ஷாக் அப்ஸார்பரால் சக்கரம் சாலையை விட்டுத் துள்ளும். பிரேக் போட்டால் வண்டி நிற்க அதிக தூரம் ஆகும். மாற்றியபின் வீல் அலைன்மென்ட் பார்த்து, பாரம் ஏற்றி ஒருநாள் ஓட்டிப் பார்க்கலாம். மென்மை, கடினம் என மாற்றும் பொத்தான் இனி வேலை செய்யாது. வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் இதைச் சொல்லி, பில்லையும் கொடுத்துவிடவேண்டும்.